வரைகலை அட்டைப் போட்டி: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வாணிகப் போட்டி என்றதும் துணியும் தேயிலையும் ரப்பரும் ஈயமுமே முன்னாளில் மக்கள் நினைவுக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் மூண்ட ஒரு போட்டியோ கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியதாகிய ஒரு சில்லைப் பற்றியது. கணினித் திரையில் படம் வரைவதே அச்சில்லின் தொழில். அதனைத் தாங்கி நிற்கும் பலகையை வரைகலை அட்டை என்பர்.

இளைஞர் விளையாடிப் பொழுது போக்குவதற்கென விற்கப்பட்ட இப்பொருளுக்காக நிறுவனங்கள் பல மோதின. பெரும்பாலானவை மறைந்தன; ஒன்று உலகப் பெருஞ்செல்வ நிறுவனங்களுள் ஒன்றாக உயர்ந்தது. மொழிபெயர்க்கும் பொறியும் நோயறிய உதவும் பொறியும் இன்று அதே வகைச் சில்லின்மீதே பயிற்றப்படுகின்றன. ஆதலின் இதனை விளையாட்டுப் பொருளின் வரலாறு என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. வல்லவனை வல்லவன் வீழ்த்தினான் என்பது போட்டியைப் பற்றிய பொதுக்கூற்று. இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அக்கூற்று பாதியளவே உண்மை என்பது புலனாகும்.

படம் பிறக்கும் முறை

திரையில் ஓடும் குதிரையும் எழும் கோபுரமும் உண்மையில் ஆயிரக்கணக்கான முக்கோணங்களின் தொகுப்பேயாம். ஒவ்வொரு முக்கோணமும் எங்கே நிற்கும், எது எதனை மறைக்கும், ஒளி எப்பக்கத்திலிருந்து விழும் என்பனவற்றைக் கணக்கிட்டு, அதன் பின்னர் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறம் தீட்டுதல் வேண்டும். அகலத்தில் 1024 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 7,86,432 புள்ளிகள் உள்ளன. அசைவு தடையின்றித் தோன்ற நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒரு நொடியில் 47 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தீட்டியாதல் வேண்டும்.

கணினியின் மையச் செயலி கடினமான கணக்கையும் செய்ய வல்லது. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாகவே பெரிதும் செய்யும். வரைகலைச் சில்லோ எளிய கணக்குகளைப் பலவாகப் பகுத்து ஒரே வேளையில் செய்யும். தேர்ந்த கணக்கர் ஒருவர் பேரேடு முழுவதையும் தாமே கூட்டுவதற்கும், நூறு மாணவர் ஆளுக்கொரு வரியை ஒருங்கே கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

முன்னோடிகள்

1980களில் இத்தகைய ஆற்றல் பெருஞ்செல்வர்க்கும் ஆய்வுக்கூடங்கட்குமே உரியதாக இருந்தது. அமெரிக்காவில் ஜிம் கிளார்க் தோற்றுவித்த சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பணிநிலைக் கணினிகள் பல்லாயிரம் வெள்ளி விலை பெற்றன. 1993இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தின் பேரூர்வனவற்றுக்கு உருவம் கொடுக்க உதவியவை அந்நிறுவனத்தின் எந்திரங்களே.

மக்கள் வாங்கும் எளிய கணினிக்குரிய அட்டைகளை வேறு பலர் செய்தனர். 1976இல் கனடாவின் மொன்றியால் பகுதியில் மேட்ராக்ஸ் தோன்றியது. 1985இல் அந்நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் குவோக் யுவன் ஹோவும் அவர்தம் நண்பர்களும் ஏடிஐ நிறுவனத்தைத் தொடங்கினர். எஸ்3, செங் லேப்ஸ், நம்பர் நைன், ரெண்டிஷன் முதலிய பெயர்களும் அக்காலச் சந்தையில் உலவின. எனினும், பரும உருவங்களை விரைந்து தீட்டும் ஆற்றலை எளியோர் வாங்கும் விலையில் தந்தவர் எவருமிலர். அவ்வெற்றிடத்தை நிரப்ப இரண்டு புதிய நிறுவனங்கள் எழுந்தன.

வூடூவின் எழுச்சி

சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவமுடைய ராஸ் ஸ்மித், கேரி தரோலி, ஸ்காட் செல்லர்ஸ் ஆகியோர் 1994இல் கலிபோர்னியாவில் திரீடிஎப்எக்ஸ் நிறுவனத்தை அமைத்தனர். அவர்களுடைய முதற் படைப்பாகிய வூடூ 1996இல் வெளிவந்தது. நினைவகச் சில்லுகளின் விலை அவ்வாண்டில் பெரிதும் வீழ்ந்தமை அவர்களுக்கு நற்பேறாயிற்று. ஏறத்தாழ 300 அமெரிக்க வெள்ளிக்கு, அதுகாறும் வீட்டுக் கணினியில் காணப்படாத காட்சிகள் கிட்டின.

வூடூ அட்டை வழக்கமான எழுத்தையும் கோட்டையும் காட்டாது. அதற்கு மற்றோர் அட்டை உடன் வேண்டும். அக்குறையையும் மக்கள் பொறுத்துக்கொண்டனர். 1998இல் வந்த வூடூ-2 அட்டைகள் இரண்டினை ஒரே கணினியில் இணைத்து, திரையின் வரிகளை இரண்டும் மாறி மாறித் தீட்டுமாறு செய்யலாம். உயர்தர வரைகலை என்றால் வூடூ என்னும் நிலை உருவாயிற்று.

இவ்வெற்றிக்கு மற்றொரு காரணமும் உண்டு. விளையாட்டு இயற்றுவோர் தம் ஆணைகளைச் சில்லுக்கு உணர்த்தும் மென்பொருளாகக் ‘கிளைடு’ என்பதைத் திரீடிஎப்எக்ஸ் தானே அமைத்தது. அது விரைவானது, எளிமையானது, ஆயின் வூடூவில் மட்டுமே இயங்குவது. கிளைடில் எழுதப்பட்ட விளையாட்டை விரும்புவோர் வூடூவையே வாங்கினர். தனக்கென எழுப்பிய மதில் தன்னையே சிறைப்படுத்தும் நாளும் வரும் என்பதை அந்நாளில் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என்விடியா கற்ற பாடம்

ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் ஆகிய மூவர் 1993இல் என்விடியாவைத் தொடங்கினர். அவர்களின் முதற் சில்லாகிய என்வி-1, 1995இல் வெளிவந்தது. அது முக்கோணங்களை அடிப்படையாகக் கொள்ளாமல் வளைபரப்புகளைக் கொண்டு உருவம் சமைத்தது. புதுமையான எண்ணந்தான், ஆயினும் 1996இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ‘டைரக்ட் 3டி’ என்னும் பொதுமுறை முக்கோணங்களையே அடிப்படையாக ஏற்றது. உலகம் ஒரு வழியிற் செல்ல, என்விடியா வேறு வழியில் நின்றது.

சேகா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் புதிய விளையாட்டுக் கருவிக்குச் சில்லு செய்து தரவும் என்விடியா ஒப்புக்கொண்டிருந்தது. அதுவும் பழைய முறையிலேயே அமைய வேண்டியது. செய்து முடித்தால் காலம் கடந்த பொருளாகும். கைவிட்டால் வருவாய் நின்றுபோகும். ஹுவாங், சேகாவின் தலைவருள் ஒருவராகிய ஷோயிசிரோ இரிமாஜிரியிடம் உண்மையை ஒளிக்காது கூறி, தம்மை ஒப்பந்தத்தினின்று விடுவிக்குமாறும், அதே வேளையில் பணத்தைத் தருமாறும் வேண்டினார். இரிமாஜிரி இசைந்தார். அந்த 5 மில்லியன் வெள்ளியே நிறுவனத்தின் உயிரைச் சில திங்கள்கள் நீட்டித்தது என்பதை ஹுவாங் பிற்காலத்தில் தாமே பலர் முன்னிலையில் கூறியுள்ளார்.

ஊழியர் பலரை நீக்கிச் சுருங்கிய அந்நிறுவனம் பொதுமுறையைத் தழுவிய புதிய சில்லை வடிவமைத்தது. மாதிரிச் சில்லுகளை வார்த்துச் சோதிக்கக் காலம் இல்லை. எனவே ஒரு போலியாக்கப் பொறியிலேயே வடிவத்தைச் சோதித்து, நேரே உற்பத்திக்கு அனுப்பியது. 1997இல் வெளிவந்த அந்த ரிவா-128 சில்லு நான்கு மாதங்களில் ஏறத்தாழ ஒரு மில்லியன் விற்பனையாயிற்று. தன் கருத்தே சரியென்று பிடிவாதம் கொள்ளாமல், பலர்க்கும் பொதுவான முறையை ஏற்றதால் வந்த வாழ்வு அது.

துணைவலி இழந்த கதை

திரீடிஎப்எக்ஸ் தொடக்கத்தில் சில்லை மட்டுமே செய்தது. அதனை வாங்கி அட்டையாகச் சமைத்து விற்றவர் பிறர். அமெரிக்காவின் டைமண்ட் நிறுவனமும் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனமும் அவருள் குறிப்பிடத்தக்கவை. சிம் வோங் ஹூ 1981இல் தோற்றுவித்த கிரியேட்டிவ், ஒலி அட்டையால் உலகப் புகழ் ஈட்டியது. அதன் கடைவலையும் பெயரும் வூடூ-2 உலகெங்கும் பரவத் துணை செய்தன.

1998 டிசம்பரில் திரீடிஎப்எக்ஸ் ஒரு முடிவை அறிவித்தது. எஸ்டிபி என்னும் அட்டை உற்பத்தி நிறுவனத்தை ஏறத்தாழ 141 மில்லியன் வெள்ளி மதிப்பில் தன்னுடன் இணைத்துக்கொண்டு, இனித் தன் அட்டைகளைத் தானே செய்து விற்பது என்பதே அது. சில்லின் ஊதியத்தோடு அட்டையின் ஊதியமும் தனக்கே சேரும் என்று அது கருதியது. எஸ்டிபியோ அதுவரை என்விடியாவின் சில்லுகளை மிகுதியாக வாங்கி வந்த நிறுவனம். எனவே பகைவனின் வாணிகத்தையும் ஒருங்கே அடைக்கலாம் என்ற கணக்கும் இயல்பாகவே எழக்கூடியது.

நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. நேற்றுவரை வாடிக்கையாளராக இருந்தவர்கள் இன்று போட்டியாளராக்கப்பட்டனர். அவர்களுக்கு வேறு போக்கிடம் வேண்டியிருந்தது. என்விடியா கதவைத் திறந்து வைத்திருந்தது. கிரியேட்டிவ் முதலியோர் தம் உயர்தர அட்டைகளுக்கு என்விடியாவின் சில்லுகளையே கொண்டனர். ஒரு முடிவால் திரீடிஎப்எக்ஸ் தன் துணைவலியை இழந்தது. அத்துணைவலி முழுவதும் மாற்றானுக்குச் சென்று சேர்ந்தது.

பொருளிலும் பின்னடைவு நேர்ந்தது. 1998இல் வந்த என்விடியாவின் ரிவா டிஎன்டி, 32 நுண்மி நிறமுறையைக் கையாண்டது. அஃதாவது 16 மில்லியனுக்கும் மேற்பட்ட நிறங்கள். 1999இல் வந்த வூடூ-3 அட்டையோ பரும உருவங்களுக்கு 65,536 நிறங்களோடு நின்றது. விரைவே போதும், நிறம் பின்னர் வரலாம் என்பது திரீடிஎப்எக்ஸின் வாதம். என்விடியாவோ ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒரு புதுச் சில்லை வெளியிடும் ஒழுங்கைக் கடைப்பிடித்தது. 1999 அக்டோபரில் அதன் ஜீபோர்ஸ்-256 வந்தது. முக்கோணங்களின் இடத்தையும் ஒளியையும் கணக்கிடும் பணியையும் மையச் செயலியிடமிருந்து தானே வாங்கிக்கொண்ட அச்சில்லுக்கு ‘வரைகலைச் செயலி’ என்னும் பெயரை அந்நிறுவனம் வழங்கியது. அப்பெயரே பின்னர் அவ்வினத்துக்கே பொதுப்பெயராயிற்று. திரீடிஎப்எக்ஸின் மறுமொழியாகிய வூடூ-5 பல மாதங்கள் தாழ்ந்து 2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே வந்தது. நான்கு சில்லுகள் கொண்ட வூடூ-5 6000 என்னும் அட்டை விற்பனைக்கு வரவேயில்லை. விளையாட்டு இயற்றுவோரும் கிளைடை விட்டுப் பொதுமுறைகளை நாடினர்.

2000 டிசம்பரில் திரீடிஎப்எக்ஸ் தன் முதன்மைச் சொத்துகளை என்விடியாவுக்கே விற்கும் முடிவை அறிவித்தது. 2002இல் நொடிப்பு அறிவிப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நான்காண்டுகளுக்கு முன் தன் துறையை ஆண்ட நிறுவனத்தின் முடிவு இதுவாயிற்று. இரண்டு அட்டைகளை இணைக்கும் முறைக்கு அது வழங்கிய ‘எஸ்எல்ஐ’ என்னும் சுருக்கப்பெயரை, 2004இல் என்விடியா வேறு விரிவு தந்து தன் அட்டைகளுக்குச் சூட்டியது.

கனடாவின் மறுமொழி

ஒருவர் வீழ்ந்ததும் போட்டி ஓயவில்லை. ஏடிஐ 2000ஆம் ஆண்டில் ஆர்ட்எக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை வாங்கியது. சிலிக்கான் கிராபிக்ஸில் பயின்ற பொறியாளர் பலர் அதில் இருந்தனர். அவர்தம் திறத்தால் 2002 ஆகஸ்டில் ரேடியான் 9700 புரோ வெளிவந்தது. 10 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களும், நினைவகத்துக்கு 256 நுண்மி அகலமுள்ள வழியும் கொண்ட அது, மைக்ரோசாப்டின் ஒன்பதாம் பதிப்புப் பொதுமுறைக்கு முற்றும் பொருந்தி அமைந்தது.

என்விடியாவின் எதிர்ப்படைப்பாகிய ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5800 தாழ்ந்து 2003இல் கடைக்கு வந்தது. அதன் குளிர்விசிறியின் இரைச்சல் நகைப்புக்கு இடமாயிற்று. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. புதிய பொதுமுறை 24 நுண்மித் துல்லியத்தைக் கோர, ஏடிஐ அதனையே அமைத்தது. என்விடியாவோ 16, 32 என்னும் இரண்டையும் அமைத்தது. முன்னது போதவில்லை, பின்னது விரைவாக இல்லை. பொதுமுறையோடு பொருந்தாமையால் 1995இல் பட்ட இடரை அந்நிறுவனம் மறுபடியும் பட்டது எனலாம்.

அளவுகோலை வளைத்தல்

போட்டி முற்றியபோது நேர்மையும் சோதனைக்குள்ளாயிற்று. அட்டைகளின் விரைவை அளக்க இதழாசிரியர்கள் சில விளையாட்டுகளையும் சோதனை மென்பொருள்களையும் ஓட்டிப் பார்ப்பர். 2001இல் ஏடிஐயின் இயக்கி மென்பொருள், ‘குவேக்-3’ என்னும் விளையாட்டைப் பெயரால் இனங்கண்டு, படத்தின் தெளிவைக் குறைத்து விரைவைக் கூட்டியது வெளிப்பட்டது. விளையாட்டுக் கோப்பின் பெயரை மாற்றியதும் விரைவு குறைந்தமையே சான்றாயிற்று. 2003இல் ‘3டிமார்க் 03’ என்னும் சோதனையில் என்விடியாவின் இயக்கியும் அத்தகைய முறைகளைக் கையாண்டதாகச் சோதனையை வெளியிட்ட பியூச்சர்மார்க் நிறுவனம் குற்றஞ்சாட்டியது. பின்னர் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விடுத்து, அதனை மோசடி எனக் கூறாமல் ‘குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்பாடு’ என்று மென்மைப்படுத்தின.

வினாத்தாளை முன்னரே அறிந்த மாணவன் பெறும் மதிப்பெண் அவன் கல்வியைக் காட்டாது. சோதனையில் வெல்வதே குறிக்கோள் ஆகிவிட்டால் சோதனை பயனற்றதாகிவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் தக்க சான்றுகள்.

இருவர் சமமாயின் மக்களுக்கு நன்மை

2006இல் அமெரிக்கச் செயலி நிறுவனமாகிய ஏஎம்டி, 5.4 பில்லியன் வெள்ளிக்கு ஏடிஐயை வாங்கியது. அக்கடன் அதன் தோளை அழுத்திய வேளையிலேயே, அவ்வாண்டு நவம்பரில் என்விடியா 681 மில்லியன் டிரான்சிஸ்டர் கொண்ட ஜீபோர்ஸ் 8800 அட்டையை வெளியிட்டு முந்தியது.

2008 ஜூனில் காட்சி மாறியது. என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 280 அட்டைக்கு 649 வெள்ளியும், ஜிடிஎக்ஸ் 260 அட்டைக்கு 399 வெள்ளியும் விலை வைத்தது. ஏஎம்டி மிகப் பெரிய சில்லைச் செய்யும் பந்தயத்தினின்று விலகி, அளவிற் சிறிய சில்லைக் கொண்ட ரேடியான் எச்டி 4870 அட்டையை 299 வெள்ளிக்குத் தந்தது. அதன் ஆற்றல் 260 அட்டைக்கு ஈடுகொடுத்தது. சில வாரங்களுக்குள் என்விடியா 280இன் விலையை 499 ஆகவும், 260இன் விலையை 299 ஆகவும் குறைத்தது. சில்லில் மாற்றமில்லை, அட்டையில் மாற்றமில்லை. எதிரே ஒருவர் நின்றார் என்பது ஒன்றே 150 வெள்ளியைக் குறைத்தது. போட்டியின் பயனை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

விளையாட்டிலிருந்து அறிவுத்துறைக்கு

ஜீபோர்ஸ் 8800 வந்த காலத்திலேயே ‘கூடா’ என்னும் மென்பொருள் அமைப்பையும் என்விடியா அறிவித்தது. படம் வரையும் சில்லைப் பிற கணக்குகளுக்கும் பயன்படுத்த அது வழி செய்தது. விளையாடுவோர்க்கு அதனால் உடனடிப் பயன் ஏதுமில்லை. எனினும் ஆண்டுதோறும் அதற்காக அந்நிறுவனம் பொருள் செலவிட்டது.

2012இல் அதன் பயன் வெளிப்பட்டது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஜெப்ரி ஹிண்டன் ஆகியோர் படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றைப் பயிற்றினர். அதற்கு அவர்கள் கொண்டவை, கடையில் விற்கும் ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டேயாம். இமேஜ்நெட் போட்டியில் அடுத்து வந்தோரின் பிழை 26.2 விழுக்காடாக இருக்க, அவர்களின் பிழை 15.3 விழுக்காடாகக் குறைந்தது. செயற்கை நுண்ணறிவின் புதுயுகம் அங்கிருந்து விரைவு பெற்றது. 2023இல் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரு டிரில்லியன் வெள்ளியைக் கடந்தது.

கூடாவும் கிளைடைப் போன்று ஒரு நிறுவனத்தின் சில்லில் மட்டும் இயங்கும் அமைப்பே. கிளைடு வீழ்ந்தது, கூடா நிலைத்தது. ஏன்? கிளைடு எழுந்தபோது பொதுமுறைகள் ஏற்கெனவே அருகில் வளர்ந்து வந்தன. அதனை விட்டு விலகுதல் எளிதாயிற்று. கூடா எழுந்தபோது அத்துறையில் வலுவான பொதுமுறை வேரூன்றவில்லை. பல்கலைக்கழகங்களும் ஆய்வாளரும் அதனைக் கற்று, அதன்மீதே தம் படைப்புகளை எழுப்பினர். திரீடிஎப்எக்ஸ் இழந்த துணைவலியை என்விடியா இவ்வாறு பல்லாண்டு முயன்று திரட்டிக்கொண்டது.

முடிவுரை

என்விடியாவை நடத்தும் ஜென்சன் ஹுவாங்கும், 2014 முதல் ஏஎம்டியை நடத்திவரும் லிசா சூவும் தைவானில் பிறந்தவர்கள்; இளமையிலேயே அமெரிக்கா சென்றவர்கள்; தூரத்து உறவினரும் ஆவர். இரு நிறுவனங்களும் தம் உயர்தரச் சில்லுகளைப் பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையிலேயே வார்க்கின்றன. பங்காளிகள் ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் நிலை இது. இருவரும் போட்டியிட்டாலும் கிணற்றில் ஊறும் நீருக்கு அளவுண்டு. 2020 முதல் 2022 வரை, தொற்றுநோய்க் காலத் தட்டுப்பாட்டாலும் மின்னாணயம் ஈட்டுவோரின் தேவையாலும் அறிவித்த விலைக்கு அட்டை கிடைப்பது அரிதாயிற்று. வழங்கல் சுருங்கியபோது போட்டி மட்டும் மக்களைக் காக்கவில்லை.

1996இல் சிறந்த அட்டையின் விலை ஏறத்தாழ 300 வெள்ளி. 2006இல் 599, 2022இல் 1,599, 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இன் அறிவிக்கப்பட்ட விலை 1,999. சில்லின் வளர்ச்சியையும் உடன் நோக்குதல் நேர்மை. ரிவா-128இல் 3.5 மில்லியன் டிரான்சிஸ்டர்களே இருந்தன. 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090இல் 76,300 மில்லியன் உள்ளன. ஆயினும் 2025இல் ஏஎம்டி தன் புதிய அட்டையை 599 வெள்ளி நிலையில் நிறுத்திக்கொண்டு உச்சியை எதிர்ப்பின்றி விட்டதும், 2022இல் நுழைந்த இன்டெல் அவ்வுச்சிக்கு வாராமையும் இவ்விலையோடு சேர்த்தே எண்ணத்தக்கவை. எதிரே நிற்பவர் இருந்த 2008இல் விலை சில வாரங்களில் இறங்கியது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

வீழ்ந்தவர் மாற்றானின் வலிமையால் மட்டும் வீழவில்லை. பொதுநெறியைப் புறக்கணித்ததாலும், உடனிருந்து உதவியவரைப் பகைத்ததாலும் வீழ்ந்தனர். வென்றவரும் அவ்வகைத் தவறுகளைச் செய்தவரே. தவறெனக் கண்டபோது விரைந்து திருத்திக்கொண்டமையே அவரைக் காத்தது. இனி, எதிர்ப்பவர் இல்லாத உச்சியில் அத்திருத்தம் எங்கிருந்து வரும் என்பதே இவ்வரலாறு விட்டுச் செல்லும் வினா. அறிவுத்துறையின் கருவிகள் அனைத்தும் அச்சில்லை நம்பி நிற்கும் இந்நாளில், அவ்வினா வாணிகருக்கு மட்டும் உரியதன்று. கற்போர் கற்பிப்போர் அனைவர்க்கும் உரியது.